பேர் சொல்லாத ஜெபம்

இந்த ஏஐ என்கிற பேரை எனக்கு முதல் முதலில் சொன்னது எங்கள் எமிலியம்மாதான். போன வருஷம், அசனத்துக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்த அன்றைக்கு. எமிலியம்மா எங்கள் சபைக் குருவானவருடைய மனைவி. எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்போம், அவர் மனைவியை ஐயரம்மா என்போம். அசனம் என்றால் கோயில் பண்டிகைக்கு ஊரே வரிசையாக உட்கார்ந்து ஒரே சோறு தின்கிறது. உனக்குத் தெரியுமோ தெரியாதோ என்றுதான் சொல்கிறேன். நீ எந்தச் சபை, சபை உண்டா இல்லையா என்றெல்லாம் நான் கேட்கமாட்டேன். நெற்றியிலும் ஒன்றும் காணோம், கழுத்திலும் ஒன்றும் காணோம். இருக்கட்டும். கேட்க நான் யார்?

காதில் செருகியிருந்த அந்த வெள்ளைப் பூண்டைக் கழற்றியதற்கு நன்றி மகளே. ஒன்றைத்தான் கழற்றியிருக்கிறாய். பரவாயில்லை, எனக்கு ஒரு காது போதும். திருநெல்வேலியில் பஸ் ஏறினதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் வருகிறேன். நீ போனில் எதையோ கேட்கிறாய், அது கடகடவென்று பதில் கொட்டுகிறது. அதே பெட்டிதானே? எனக்குத் தெரியாதா அதை? என் வீட்டைப் பிரித்தது அதுதானே.

நாளைக்குக் காலையில் மதுரையில் என் மகன் தயாளன் ஸ்டூடியோ திறக்கிறான். திறக்கிறதற்கு முன்னால் ஜெபம். பெற்ற தாய் நான் ஜெபிக்க வேண்டாமா? வேண்டும்தானே? அதற்குக்கூட எனக்கு நிபந்தனை வைத்து அனுப்பியிருக்கிறான். "ரெண்டு நிமிஷம். யார் பேரும் வரக்கூடாது. ஒரு பேர் வந்தாலும் பாதியில நிறுத்திருவேன்." கேட்டாயா? முப்பது வருஷமாகச் சபையில் ஜெபிக்கிறவள் நான். எனக்கு இந்தக் கதி.

நான் யாரையும் ஒரு கடுஞ்சொல் சொன்னவள் இல்லை. என்னைப் பார்த்தாலே தெரியும். எது நடந்தாலும் முழங்காலில் நிற்பேன், அவ்வளவுதான்.

தயாளனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு எல்லாம் வரும். கோயிலில் கீபோர்டு வாசிப்பான். கல்யாண வீட்டில் வீடியோ எடுப்பான். பிளக்ஸ் போர்டுக்கு டிசைன் போடுவான், அதில் போடுகிற நாலு வரிக் கவிதையையும் அவனே எழுதுவான். கிறிஸ்மஸ் நாடகத்தில் ராஜா வேஷமும் அவன்தான், இறங்கி ஓடிப்போய் லைட் போடுகிறவனும் அவன்தான். எல்லாம் வரும், ஒன்றும் முழுசாக வராது. அவன் அப்பா பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்தார்கள். சாகிறவரைக்கும் ஒரே பாட்டுத்தான்: "ஏல, ஒண்ணப் பிடி. ஒண்ணையாவது பிடில."

அப்படிப்பட்ட பிள்ளையைப் பற்றித்தான் எமிலியம்மா அன்றைக்குச் சுளகைத் தட்டிக்கொண்டே சொன்னார்கள். "தங்கபுஷ்பம், இனிமே கம்ப்யூட்டரே படம் வரையுமாம், பாட்டுப் போடுமாம், மனுஷன் மாதிரிப் பேசவும் செய்யுமாம். ஏஐன்னு சொல்லுதாங்க. ஒத்த வேலை மட்டும் தெரிஞ்சவனுக்கு இனிக் கஷ்டமாம். உங்க தயாளன மாதிரி எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டவனுக்குத்தான் காலமாம். ஐயர் எங்கயோ வாசிச்சாங்க."

"கல்லப் பாத்து எடுங்க ஐயரம்மா," என்றேன். "போன அசனத்துல ஐயர் பல்லுலயே கடிபட்டுச்சு."

அன்பாகத்தான் சொன்னேன். அவர்கள் முகம் ஏன் அப்படிச் சுருங்கிப் போயிற்று என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் என் மருமகள் ஷெரினும் அதையே ஓதிக்கொண்டிருக்கிறாள். அவள் மதுரைக்காரி. எங்கள் பக்கத்தில் மாமியாரை மாமி என்று கூப்பிடுவோம். அவள் அத்தை என்பாள். கல்யாணமாகி ஐந்து வருஷம், மாற்றிக்கொள்ளவில்லை. நானும் சொல்லவில்லை, ஜெபித்துக்கொண்டேன். அவள் கம்ப்யூட்டர் படித்தவள். "அத்தை, இவங்களுக்குப் பாட்டும் தெரியும், படமும் தெரியும், எழுத்தும் தெரியும். மிஷினுக்கு வேகம் இருக்கு, ருசி கிடையாது. எது நல்லாருக்கு, எது நல்லால்லன்னு சொல்ற ஆளு இவங்க. எதை எதுகிட்ட கேக்கணும்னு தெரிஞ்சா போதும்," என்றாள். தன் புருஷனுக்கு ருசி இருக்கிறதாம். அவனுக்குச் சோறு ஊட்டினவள் நான், என்னிடம் சொல்கிறாள்.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். வேலை வந்தது. முன் அறையில் மேசை போட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ஒன்று படம் போட்டுக் கொடுக்கும், ஒன்று மெட்டுப் போட்டுக் கொடுக்கும், ஒன்று பழைய கேசட்டில் இரைச்சலை எடுத்துக் குரலை மட்டும் தரும், ஒன்று பேசப் பேச எழுத்தாக்கும். இவன் அதில் ஒன்றை வெட்டி, இதில் ஒன்றை ஒட்டி, சரியில்லை என்று நாலு தடவை திருப்பிக் கேட்டு, கடைசியில் கீபோர்டில் தானே இரண்டு கட்டையை அமுக்கிச் சேர்ப்பான். தூத்துக்குடி மிட்டாய்க்கடைக்காரன் விளம்பரம் கேட்டு வந்தான். துபாயிலிருந்து கல்யாணப் பத்திரிகைக்கு ஆள் வந்தது. இவனுக்கு ஒரு வேலை அமைய வேண்டுமென்று நான் எத்தனை வருஷம் முழங்கால் தேய நின்றிருப்பேன்? பதில் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பதில் அவள் கை வழியாக வந்தது. அது எனக்கு எப்படி இருக்கும், நீயே சொல்.

கோவில்பட்டியா இது? கடலைமிட்டாய் வாங்கட்டுமா? வேண்டாமா. சரி, இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதைத்தான் தின்கிறீர்கள்.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் கூட்டம். ஷெரின் அதற்கு வரமாட்டாள். அதில் சங்கிலி ஜெபம் என்று ஒன்று உண்டு. வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி முடித்த இடத்தில் அடுத்தவள் வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். தாண்டக் கூடாது. கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து முடிக்கிறது நான். "எங்கள் மதிற்சுவரே, எங்கள் ஊற்றே" என்று நான் தொடங்கினால் முந்தானையை வாயில் வைக்காத பெண் கிடையாது. நான் பொத்தாம்பொதுவாக ஜெபிக்கிறவள் இல்லை. பேர் சொல்லி, வீடு சொல்லி, இன்ன குறை என்று சொல்லி ஜெபிப்பேன். ஆண்டவருக்கு எல்லாம் தெரியும். கூட இருந்து ஆமென் சொல்கிறவர்களுக்கும் தெரிய வேண்டாமா?

வட்டத்தில் செல்லக்கனி என்று ஒருத்தி. அவள் முறை வந்தால் வாய் வராது. "ஆமென்" என்று மட்டும் சொல்லிப் பக்கத்தில் இருக்கிறவளைத் தொடுவாள். வருஷக்கணக்காக இதே கதை. நான் அவளை ஒன்றும் சொன்னதில்லை. என் முறை வரும்போது, "வாயிருந்தும் உம்மைத் துதியாத செல்லக்கனியின் கட்டை அவிழ்த்துவிடும் ஆண்டவரே" என்று வேண்டிக்கொள்வேன். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். பக்தி.

அப்படியிருக்க, ஒரு வெள்ளிக்கிழமை, மழைக்காக ஜெபம். செல்லக்கனி முறை வந்தது. நான் கண்ணை மூடி, அவளுடைய ஆமெனுக்குக் காத்திருக்கிறேன். "எங்கள் ஊற்றே, குளத்தின் அடிமண் பிளந்து வாய் திறந்து கிடக்கிறதைக் காண்கிறவரே" என்று ஒரு குரல். கண்ணைத் திறந்தால், செல்லக்கனி! வேதப்புத்தகத்துக்குள்ளே போனை வைத்து வாசிக்கிறாள். பெண்களெல்லாம் விசும்புகிறார்கள். என்னைக் கேட்டால், நானும் முந்தானையைத் தேடினேன். யாருடைய சொல் அது? என்னுடைய சொல். குளத்தின் அடிமண் என் சொல். நான் எப்போதோ ஜெபித்தது.

கூட்டம் முடிந்ததும் பிடித்தேன். "ஏட்டி செல்லக்கனி, எங்கேர்ந்து களவாண்ட?"

"களவு இல்ல மைனி. உங்க தயாளன்தான் போன்ல போட்டுத் தந்தான். யாருக்கு, எதுக்குன்னு சொன்னா அதுவே ஜெபம் எழுதித் தருது. நம்ம ஊர்ப் பேச்சுல," என்று பல்லைக் காட்டுகிறாள். அவள் பல்லை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

விஷயம் என்னவென்றால், மஸ்கட்டில் இருக்கிற என் மகள் பியூலா கேட்கட்டும் என்று, வெள்ளிதோறும் தயாளன் வந்து போனில் ரெக்கார்டை அமுக்கி வைத்துவிட்டு வெளியே போய்விடுவான். பெண்கள் கூட்டம், அவன் உட்கார முடியாது. நாலு வருஷத்து ஜெபம் அப்படியே சேர்ந்து கிடந்தது. பியூலா கேட்டாளா? "நல்லாருந்துச்சும்மா" என்பாள். அவன் கேட்டானா? கேட்கவில்லை. ஒருத்தரும் கேட்காத அத்தனையையும் அள்ளி அந்தப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டான். அது உட்கார்ந்து கேட்டிருக்கிறது.

"எஞ் ஜெபத்தத் திருடி ஊருக்குப் பந்தி வைக்கியே," என்று கேட்டேன்.

"யம்மா, வாய் வராத பொம்பளைங்க எத்தன பேரு இருக்காங்க. அவங்களுக்கு ஒரு துணை. வெளிநாட்டு ஜெபத்தத் தமிழாக்கின மாதிரி இருக்கக் கூடாது, ஒன்ன மாதிரி இருக்கணும்னுதான் ஒன் ஜெபத்தக் குடுத்தேன். ஒம் பொறந்தநாளுக்குச் சொல்லலாம்னு வச்சிருந்தேன். அதுக்குள்ள செல்லக்கனி அத்த அவசரப்பட்டுட்டாங்க." சிரிக்கிறான். "நீ இல்லாத வீட்டுலயும் ஒன் ஜெபம் கேக்கும்லா?"

அவன் முகத்தைப் பார்த்து நான் கொஞ்சம் இளகினது உண்மை. அதற்குள் அவள், ஷெரின், "ஐடியா இவங்களோடதுதான் அத்தை, நான் செட் பண்ணிக் குடுத்தேன்" என்று நடுவில் வந்தாள். இளகினது இறுகிப் போயிற்று. அடுத்த வெள்ளி, உயிரில்லாத பெட்டியை நம்புகிற வீட்டுக்காக நான் ஜெபித்தேன். யார் வீடு என்று பேர் சொல்லித்தான்.

இப்போது வருகிறேன் விஷயத்துக்கு.

எமிலியம்மாவுக்கு ஒரே மகள், எப்சிபா. நாகர்கோவிலில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் வைத்தார்கள். சபை முழுக்க அழைப்பு. நிச்சயத்தில் பெண்கள் சங்கத்தின் சார்பாக ஒருவர் எழுந்து ஜெபிக்க வேண்டும். எப்போதும் அது நான்தான். பட்டுச்சேலையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். எமிலியம்மா வந்து சொல்கிறார்கள்: "தங்கபுஷ்பம், இந்தத் தடவ செல்லக்கனி பண்ணட்டுமே. இப்பதான் வாய் தெறந்துருக்கா. சுருக்கமா முடிச்சுருவா." சுருக்கமா. அந்தச் சொல்லை நான் கவனித்தேன். சிரித்துக்கொண்டு, "ஆண்டவர் சித்தம்" என்றேன்.

அன்றைக்கு மண்டபம் நிறைந்திருந்தது. நாகர்கோவில்காரர்கள் முன்வரிசையில். செல்லக்கனி எழுந்தாள். முந்தின வாரமே போனிடம் சொல்லி வாங்கி, படித்துப் பார்த்து, தைரியப்படுத்திக்கொண்டு வந்திருக்க வேண்டாமா? மண்டபத்துக்கு வந்த பிறகு, காப்பி குடிக்கிற நேரத்தில், "எப்சிபா நிச்சயம், ஐயர் மகள்" என்று சொல்லி வாங்கியிருக்கிறாள். ஒரு தடவை வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. ஜெபம்தானே, என்ன வரப்போகிறது என்று.

"எங்கள் மதிற்சுவரே, எங்கள் ஊற்றே," என்று நன்றாகத்தான் தொடங்கினாள். "உம்முடைய மகள் எப்சிபாவை நினைத்தருளும். முன்னால் பேசி முடித்த இடம் கைவிட்டுப் போனபோது, இவள் மனம் பேதலித்து, வெளிமுகம் பாராமல், மாத்திரை விழுங்கிப் படுத்துக் கிடந்ததை நீர் அறிவீர். தாயும் தகப்பனும் அதைச் சபைக்கு மறைத்தாலும், நீர் மறைவானதைக் காண்கிறவர். மறைக்கிறவர்களுடைய பெருமையை முறித்துப்போடும்..."

நிறுத்த வேண்டாமா அவள்? வாசித்துப் பழக்கமில்லாதவள், ஓட்டத்தில் போய்க்கொண்டே இருக்கிறாள். கடைசியில் அவளுக்கே காதில் விழுந்து, போனைப் பார்த்தபடி வாய் திறந்து நின்றுவிட்டாள்.

எமிலியம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்போதுதான் மகளே, அந்த அநியாயம் நடந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் ஒருத்தராவது செல்லக்கனியைப் பார்க்க வேண்டுமே? இல்லை. வரிசை வரிசையாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் கடைசி நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், என் வாய் மூடியிருக்கிறது, வாசித்தது அவள், எழுதினது பெட்டி. என்னை ஏன் பார்க்க வேண்டும்?

மாப்பிள்ளையின் அப்பா எழுந்துவிட்டார். எப்சிபாதான் எழுந்து சொன்னாள். மருதாணிக் கையை மடியில் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னாள்: "உக்காருங்க மாமா. இது நான் மொத நாளே உங்க மகன்கிட்ட சொன்னதுதான்." அந்தப் பையனும், "ஆமாப்பா, எனக்குத் தெரியும். உக்காருங்க," என்றான். அவர் உட்கார்ந்தார். நிச்சயம் நடந்தது. பிரியாணி நன்றாக இருந்தது என்றார்கள். எனக்குத்தான் இறங்கவில்லை.

ஆக, ஒரு கெடுதலும் நடக்கவில்லை. அதை யாராவது நினைக்கிறார்களா?

எமிலியம்மா கை கழுவுகிற இடத்தில் என்னிடம் வந்தார்கள். "தங்கபுஷ்பம், எம் பிள்ளையப் பத்தி உங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன். அழுது சொன்னேன். ஜெபிங்கன்னு சொன்னேன்."

"ஜெபிச்சேனே ஐயரம்மா."

"ஜெபிச்சீங்க. நான் வராத வெள்ளிக்கிழமையாப் பாத்து, மைக்கு வச்சு ஜெபிச்சீங்க."

மைக் இல்லை அது, போன். அவர்களுக்கு அந்த வித்தியாசம்கூடத் தெரியவில்லை. "கொஞ்ச நாளைக்கு நீங்க உக்காந்து ஆமென் மட்டும் சொல்லுங்க," என்று போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தயாளனிடம் சொன்னேன். "பாத்தியா? அந்தப் பெட்டிக்குப் பேய் பிடிச்சிருக்கு. தூக்கி எறி."

அவன் உட்கார்ந்தபடியே சொன்னான்: "பெட்டி தானா ஒண்ணும் சொல்லலம்மா. எப்சிபான்னு கேட்டா, எப்சிபாவப் பத்தி எங்க கேட்டுச்சோ அதச் சொல்லுச்சு. நாந்தான் கேக்காமலே குடுத்துட்டேன். எந் தப்பு."

தன் தப்பு என்று ஒத்துக்கொண்டான் பார். அது என் வளர்ப்பு.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மறுநாள் காலையில் உட்கார்ந்தான், நாலு வருஷத்து வெள்ளிக்கிழமையையும் முதலிலிருந்து கேட்கிறதற்கு. ஷெரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆளுக்கு ஒரு காதில் ஒரு பூண்டு, இப்போது நீ வைத்திருக்கிற மாதிரி. மிட்டாய்க்கடைக்காரன் போன் அடித்துக்கொண்டே கிடந்தது. நான் டீ போட்டு வைத்தேன், ஆடை படிந்தது. வேறு டீ போட்டு வைத்தேன், அதுவும் ஆடை படிந்தது. சில இடத்தில் அவன் நிறுத்தி, அவளைப் பார்ப்பான். அவள் "போடுங்க" என்பாள்.

அப்புறம் அவள் எழுந்து அடுக்களைக்கு வந்தாள். டம்ளரைக் கழுவினாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்: "அத்தை, எல்லாருக்கும் தெரியுமா?"

"என்னதும்மா?"

"எனக்கு ரெண்டு தடவ கரு கலைஞ்சது."

"ஜெபிக்கத்தானம்மா சொன்னேன். பத்துப் பேரு சேந்து கேட்டா..."

"நான் எந்தப் பாவத்த மறைச்சு வச்சிருக்கேன்னு கர்த்தர் எனக்கு உணர்த்தணும்னு கேட்டிருக்கீங்க. பத்துப் பேரு ஆமென் சொல்லிருக்காங்க. செல்லக்கனி அம்மா குரல்கூடக் கேக்குது." டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "அவங்க எல்லாருக்கும் நான் தெருவுல சிரிச்சிருக்கேன் அத்தை."

அவ்வளவுதான் சொன்னாள். அந்த ஜெபம் நான் உபவாசம் இருந்து பண்ணினது மகளே. மூன்று வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் அவளுக்காக என் வயிற்றைக் காயப்போட்டேன். ரெக்கார்டில் அது மட்டும் விழாது பார். சொல் மட்டும்தான் விழும்.

தயாளன் அந்த ஜெபத் துணையைப் போனிலிருந்து எடுத்தான், எல்லாப் பெண்கள் போனிலிருந்தும் வீடு வீடாகப் போய் எடுத்தான். பிறகு இருவரும் மதுரைக்குப் போய்விட்டார்கள். சண்டை ஒன்றும் போடவில்லை. வண்டியில் மேசையை ஏற்றும்போது, "வாரேம்மா" என்றான். கீபோர்டை அவன் தூக்கினான், ஒரு முனையை அவள் பிடித்துக்கொண்டாள். என்னை எதையும் பிடிக்க விடவில்லை.

இந்த வருஷ அசனத்துக்கு முடிவு ஜெபம் யார் தெரியுமா? செல்லக்கனி. போன் இல்லாமல். "ஆண்டவரே, நன்றி. வந்தவங்க எல்லாரும் வயிறாரச் சாப்பிடணும். வராதவங்களையும் பாத்துக்கிடும். ஆமென்." முடிந்தது. இது ஒரு ஜெபமா? இதற்குள் ஒரு அப்பளம்கூடப் பொரியாது. எமிலியம்மா கண்ணைத் துடைக்கிறார்கள். எதற்கு அழுகிறார்கள் என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் விளங்கவில்லை.

விருதுநகர் தாண்டிவிட்டோமா? சரி. சீக்கிரம் சொல்கிறேன்.

பியூலாதான் போன வாரம் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள். "ம்மா, அண்ணன் ஸ்டூடியோ தெறக்கான். ஒன்ன வரச் சொல்லிருக்கான். ஜெபமும் நீதான். ஆனா ரெண்டு நிமிஷம், யார் பேரும் வரக்கூடாதாம். அவன் பேருகூட. இது அண்ணன் போட்டது. ஒன்னத்தான் ஜெபிக்கக் கூப்பிடணும்னு ஒத்தக்கால்ல நின்னது ஷெரின் அண்ணிம்மா, அதயும் தெரிஞ்சுக்க."

எனக்குத் தெரியாதா அவள் எதற்குக் கூப்பிடுகிறாள் என்று? தன் தாய் தகப்பன் முன்னால் என்னை நிறுத்தி, வாயைக் கட்டி வேடிக்கை பார்க்க. ஒருவேளை அப்படி இல்லாமலும் இருக்கலாம். எனக்கென்ன தெரியும். ஸ்டூடியோவுக்குப் பேர் 'ஊற்று' என்று வைத்திருக்கிறார்களாம். அது என்ன பேர்? நல்லதாக ஒரு வேதாகமப் பேர் கிடைக்கவில்லையா? தயாளன் என்று தன் பேரையாவது வைக்கக் கூடாதா? எங்கிருந்து பிடித்தார்களோ அந்தச் சொல்லை.

இரண்டு நிமிஷம்கூடப் பரவாயில்லை. பேர் சொல்லாமல் எப்படி ஜெபிக்கிறது என்று நீயே சொல் மகளே. வீட்டில் தனியாக முழங்காலில் நின்று பழகிப் பார்த்தேன். "எங்கள் ஊற்றே" என்று தொடங்குகிறேன். நன்றாகத்தான் போகிறது. பாதியில் தானாக வந்துவிடுகிறது. பேரை அடக்கினால் "தூரத்து ஊரிலிருந்து வந்தவள்" என்று வருகிறது. அதை அடக்கினால் "தாயை விட்டுப் பிரிக்கிறவர்கள்" என்று வருகிறது. நான் கூப்பிடாமலே வருகிறது. அந்தப் பெட்டி என்னிடம் கற்றுக்கொண்டதோ, நான் அந்தப் பெட்டியிடம் ஒட்டிக்கொண்டதோ. எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை, அதுதான் கஷ்டம். தெரிந்தால் நானே எடுத்துவிடுவேன்.

நாளைக்கு அவன் பாதியில் நிறுத்திவிட்டால், அதற்கப்புறம் நான் அந்த வீட்டுக்குள் போக முடியாது. அது மட்டும் எனக்குத் தெரிகிறது.

போனிடம் கேட்டு ஒரு ஜெபம் வாங்கித் தரவா என்கிறாயா? வேண்டாம். அது இனி என் வாய்க்கு ஆகாது. செல்லக்கனிக்கு ஆனதும் போதும்.

திருமங்கலம் விளக்குத் தெரிகிறது. மாட்டுத்தாவணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நீ எனக்கு யாரோ, நான் உனக்கு யாரோ. என் மருமகளை உனக்குத் தெரியாது, அதனால்தான் கேட்கிறேன். நான் இப்போது கண்ணை மூடி, மெதுவாக, உனக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஜெபிக்கிறேன். நீ கண்ணை மூட வேண்டாம், ஆமெனும் சொல்ல வேண்டாம். அந்த இன்னொரு பூண்டையும் கழற்றிவிடு. எங்கேயாவது யார் மேலேயாவது குத்துகிற மாதிரி உனக்குப் பட்டால், ஒன்றும் பேசாதே, என் கையை லேசாகத் தொடு. அவ்வளவுதான்.